ஓவன் கதவு பூட்டிக்கொண்டு திறக்காவிட்டால்: பூட்டுக்குப் பின்னால் நடப்பது என்ன?

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு எடுத்துக் குடியேறும் நம் ஆட்களுக்குச் சமையலறையோடு சேர்ந்தே வந்துவிடும் சாமான் ஒன்று உண்டு. மேலே நாலு அடுப்பு, கீழே பெரிய ஓவன் என்று ஒரே பெட்டியாக நிற்கும் ரேஞ்ச். பல வீடுகளில் அந்த ஓவன் பாத்திர அலமாரியாகத்தான் வேலை பார்க்கிறது. தோசைக்கல், இட்லிப் பானை, வேறெங்கும் அடங்காத வாணலி எல்லாம் அதற்குள்தான். எப்போதாவது ஒருநாள் உள்ளே படிந்த பிசுக்கைப் பார்த்துவிட்டு ‘செல்ஃப் கிளீன்’ பட்டனை அழுத்துகிறோம். கதவு பூட்டிக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து வேலை முடிந்தது என்று ஓவன் சொல்கிறது, ஆனால் கதவு திறப்பதில்லை. அல்லது ஆரம்பத்திலேயே பூட்ட மறுத்து, திரையில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் மின்னுகின்றன.

இந்தக் கட்டத்தில் வந்து விழும் யோசனைகள் பலவிதம். பூட்டு போய்விட்டது, புதிதாக வாங்கி மாட்டு என்பார் ஒருவர். பிரேக்கரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். கோட் ஹேங்கரை வளைத்து இடுக்கில் விட்டு நெம்பு என்றும் ஒருவர் சொல்வார். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்திருக்கும், அதில் பொய்யில்லை. நம் ஓவனுக்கு எது பலிக்கும் என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கதவைப் பூட்டுவது எது, எதை நம்பித் திறக்கிறது என்று முதலில் புரிய வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

## இரண்டு பூட்டுகள், ஒரே பெயர்

ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திரையில் பூட்டுப் படமோ ‘லாக்’ என்ற சொல்லோ தெரிந்தால் உடனே கதவுப் பூட்டு என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான ஓவன்களில் ‘கன்ட்ரோல் லாக்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பட்டன்களை அழுத்தி விளையாடாமல் இருக்க, பட்டன்களை முடக்கி வைக்கும் வசதி அது. பல மாடல்களில் கதவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சிலவற்றில் மட்டும் கதவையும் சேர்த்துப் பூட்டும். கதவு சாதாரணமாகத் திறக்கிறது, பட்டன்கள்தான் வேலை செய்யவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். பூட்டுப் படம் போட்ட பட்டனை மூன்று நான்கு விநாடிகள் அழுத்திப் பிடித்தால் போய்விடும். துடைக்கும்போது தெரியாமல் அழுத்திவிட்டு, ஓவனே போய்விட்டது என்று ஆளைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு.

கதவே அசையவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

## எதற்காகப் பூட்ட வேண்டும்?

கேக்கோ ரொட்டியோ வேகவைக்க ஓவனுக்கு 180 முதல் 230 டிகிரி செல்சியஸ் சூடு போதும். செல்ஃப் கிளீன் ஓடும்போது உள்ளே சுமார் 480 டிகிரி வரை போகிறது. அந்தச் சூட்டில் சிந்திய எண்ணெய், சீஸ், சர்க்கரை எல்லாம் கருகிச் சிதைந்து கொஞ்சம் சாம்பலாக அடியில் விழும். ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடலாம். வெறும் சூட்டாலேயே ஒரு பொருளைச் சிதைக்கும் இந்த முறைக்குப் பைராலிசிஸ் என்று பெயர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1963-இல் இந்த வகை ஓவனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சமையல் எண்ணெய்கள் 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளக்கூடியவை. மூடிய ஓவனுக்குள் காற்று குறைவாக இருப்பதால் பிசுக்கு புகைந்து புகைந்தே அடங்குகிறது. அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் புதுக்காற்று உள்ளே பாயும், தணல் தீயாக எழும்பும். முன்னால் நிற்பவரின் கையும் முகமும் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் சூடு இறங்கும்வரை கதவைத் திறக்க ஓவன் நம்மை அனுமதிப்பதில்லை.

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆவி இருக்கும்வரை மூடியைத் திறக்க முடியாது, ஆவி அடங்கினால் தானாகத் தளர்ந்துவிடும். ஓவன் பூட்டின் நோக்கமும் இதுவேதான். ஆனால் செயல்படும் விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மூடி உள்பக்கமாகப் பொருந்தும் குக்கரில், மூடியை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த ஆவிதான். ஆவி போனால் பிடியும் போச்சு, நடுவில் தரகர் யாரும் கிடையாது. ஓவனில் தரகர்கள் உண்டு. சூடு தானாகக் கதவைப் பிடித்து வைப்பதில்லை. சூடு எவ்வளவு என்று ஒருவர் அளந்து சொல்கிறார், இன்னொருவர் அதைக் கேட்டு முடிவெடுக்கிறார், மூன்றாமவர் கொக்கியை நகர்த்துகிறார், கொக்கி நகர்ந்ததா இல்லையா என்று நான்காமவர் தகவல் சொல்கிறார். இதில் ஒருவர் தவறாகச் சொன்னாலும், சொல்லாமலே விட்டாலும், ஓவன் ஜில்லென்று ஆறிய பிறகும் கதவு திறக்காது.

## அந்த நான்கு பேர் யார்?

அளந்து சொல்பவர் சென்சார். ஓவனின் பின்சுவரில் பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குச்சி. அதற்குள் பிளாட்டினம் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை, அதாவது மின்சாரம் ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு, கூடிக்கொண்டே போகும். மின்தடையின் அளவு ஓம். வட அமெரிக்க ஓவன்கள் பலவற்றில் அறைச் சூட்டில் 1,080 முதல் 1,100 ஓம் வரை காட்டும். செல்ஃப் கிளீன் உச்சத்தில் 2,700 ஓம் அளவுக்குப் போகும்.

முடிவெடுப்பவர் கன்ட்ரோல் போர்டு. பட்டன்களுக்குப் பின்னால் இருக்கும் மின்னணுப் பலகை. இதற்குக் கண் கிடையாது. கதவு மூடியிருக்கிறதா, கொக்கி மாட்டியிருக்கிறதா, உள்ளே கொதிக்கிறதா என்பதெல்லாம் கம்பி வழியாக வரும் தகவலை வைத்துத்தான் இதற்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நகர்த்துபவர் மோட்டார். பல மாடல்களில் இது ஒரே திசையில் மெதுவாகச் சுற்றும் சின்ன மோட்டார். அதன் முனையில் கேம் என்னும் ஒருபக்கம் புடைத்த சக்கரம் இருக்கிறது. பாதிச் சுற்றில் அது கொக்கியை இழுத்துக் கதவில் மாட்டும், மீதிச் சுற்றில் விடுவிக்கும்.

தகவல் சொல்பவர் மைக்ரோஸ்விட்ச். விரல் நகம் அளவு ஸ்விட்ச். கேம் சுற்றும்போது அதன் புடைப்பு இதை அழுத்தும், ‘டிக்’ என்று சத்தம் வரும். ‘பூட்டியாச்சு’ என்று சொல்ல ஒன்று, ‘திறந்தாச்சு’ என்று சொல்ல ஒன்று என இரண்டு இருப்பது வழக்கம். ஒன்றை வைத்தே சமாளிக்கும் மாடல்களும் உண்டு. இவை தவிர, கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிவது பெரும்பாலும் அதனால்தான்.

இப்போது வரிசையாகப் பாருங்கள். செல்ஃப் கிளீன் அழுத்தியதும் கதவு மூடியிருக்கிறதா என்று போர்டு பார்க்கிறது. மூடியிருந்தால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறது. கொக்கி மாட்டுகிறது, ‘பூட்டியாச்சு’ தகவல் வருகிறது, போர்டு மோட்டாரை நிறுத்திவிட்டுச் சூட்டை ஏற்றுகிறது. இரண்டிலிருந்து நாலு மணி நேரம் வரை இது ஓடலாம். முடிந்ததும் உடனே திறப்பதில்லை. மாடலைப் பொறுத்து ஏறத்தாழ 260 முதல் 315 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கிவிட்டதாகச் சென்சார் சொன்ன பிறகே மோட்டார் மறுபடி சுற்றும், கொக்கி விலகும், ‘திறந்தாச்சு’ தகவல் வரும்.

சுருக்கமாக: கதவு திறக்க மூன்று விஷயம் கூடி வர வேண்டும். சூடு இறங்கிவிட்டதாகப் போர்டு நம்ப வேண்டும், மோட்டார் சுற்ற வேண்டும், சுற்றி முடித்த செய்தி போர்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

## எங்கே பிசகுகிறது?

முதல் காரணம் கோளாறே இல்லை. ஓவன் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான். சுத்தம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கதவின் வெளிக்கண்ணாடி தொடும்படி இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. கதவுக்குள் பல அடுக்குக் கண்ணாடி இருப்பதே வெளிப்பக்கம் சுடாமல் இருக்கத்தான். நடுவில் ‘கேன்சல்’ அழுத்தினாலும் சூடு ஏறுவது நிற்குமே தவிர, ஆறும்வரை கதவு திறக்காது.

பூட்டவே மறுக்கிறது என்றால் கதவைப் பாருங்கள். கீல் தளர்ந்து கதவு ஒருபக்கம் தொங்கினாலோ, சுற்றிலும் உள்ள நெசவுப் பட்டை சுருண்டிருந்தாலோ, அடியில் விரித்த அலுமினியத் தாளின் ஓரம் மாட்டிக்கொண்டாலோ கொக்கி தன் ஓட்டையைத் தவறவிடும். மோட்டார் சுற்றுகிறது, கொக்கி முட்டுகிறது, கேம் பாதியில் நிற்கிறது. இரண்டு ஸ்விட்சில் எதுவும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போர்டு பிழைக் குறியீட்டைக் காட்டிவிடும்.

மோட்டார் நிற்காமல் ‘உர்ர்’ என்று ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்விட்ச் மேல் சந்தேகப்படலாம். கொக்கி சரியாகத்தான் நகர்ந்திருக்கும். அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அதனால் போர்டு இன்னும் சுற்று, இன்னும் சுற்று என்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் சேர்ந்து ஸ்விட்சின் தொடுமுனையைக் கெடுத்திருக்கும், அல்லது அதன் நாக்கு வளைந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் மோட்டாரோ, அதற்குப் போகும் கம்பியோ, போர்டில் மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயோ போயிருக்கலாம்.

ஓவன் முழுக்க ஆறிவிட்டது, ஆனால் போர்டு அதை நம்பவில்லை என்ற நிலைதான் எல்லாரையும் குழப்புவது. சென்சாரின் இணைப்பு துருப்பிடித்துக் கூடுதல் ஓம் சேர்ந்துகொண்டால், வெறும் 25 டிகிரியில் இருக்கும் ஓவன் போர்டின் கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கும். பூட்டை எத்தனை முறை மாற்றினாலும் திறக்காது. இதற்கு ஒரு முன்னறிகுறி உண்டு. சில வாரங்களாகவே கேக் நடுவில் வேகாமல் வந்துகொண்டிருந்ததா? உள்ளே இருப்பதைவிட அதிகச் சூடு இருப்பதாகச் சென்சார் சொன்னால், போர்டு சூட்டைச் சீக்கிரமே குறைத்துவிடும், மாவு வேகாது. வேகாத கேக்கும் திறக்காத கதவும் ஒரே வீட்டில் இருந்தால் நான் முதலில் சென்சாரைத்தான் பார்ப்பேன்.

நடுவில் மின்சாரம் போனாலும் பிரச்சினைதான். மோட்டார் பூட்டு மின்சாரம் இல்லாதபோது தானாகத் திறந்துகொள்ளாது. கொக்கி எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். ஓவனின் பின்பக்கம் இருக்கும் வெப்பத் துண்டிப்பான் அறுந்தாலும் இதே கதிதான். ஓவன் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தை வெட்டிவிடும் பாதுகாப்புப் பொருள் அது. திரை இருண்டு, கதவு பூட்டியபடியே நிற்கும்.

இதெல்லாம் ஏன் செல்ஃப் கிளீன் அன்றைக்கே நடக்கிறது? வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும் கொக்கியும் மோட்டாரும் வேலை செய்வதே அன்றைக்குத்தான். ஓவனைச் சுற்றியுள்ள கம்பிகளும் ஸ்விட்சும் போர்டும் அதிகபட்சச் சூட்டைத் தாங்குவதும் அன்றைக்கே.

## திரையில் தெரியும் குறியீடு

வர்ல்பூல் வகை ஓவன்களில் கதவுப் பூட்டுக் கோளாறு பெரும்பாலும் ‘எஃப்5’ என்று ஆரம்பிக்கும், ஃப்ரிஜிடேரில் ‘எஃப்90’ என்று வரலாம். ஒரே நிறுவனத்திலேயே மாடலுக்கு மாடல் அர்த்தம் மாறும். உங்கள் மாடலுக்கான தொழில்நுட்பத் தாளை, அடியில் உள்ள இழுப்பறைக்குப் பின்னாலோ கன்ட்ரோல் பலகைக்கு உள்ளேயோ மடித்து வைத்திருப்பார்கள். கதவுப் பூட்டுக் குறியீடு வந்தால், எதிர்பார்த்த செய்தி வரவில்லை என்று போர்டு புகார் சொல்கிறது, அவ்வளவே. எந்தப் பாகம் கெட்டது என்று அதற்கும் தெரியாது. குறியீட்டைப் பார்த்த உடனே பூட்டை வாங்கி மாட்டுவதில் பணம் வீணாவது இதனால்தான்.

## எந்த வரிசையில் பார்ப்பது

கேன்சல் அழுத்திவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். அப்புறமும் திறக்கவில்லை என்றால் வீட்டின் மின்பெட்டியில் ஓவனுக்கான பிரேக்கரை அணையுங்கள். மின்சார ரேஞ்சுக்கு அங்கே 240 வோல்ட்டில் தனி இணைப்பு இருக்கும், இரட்டைப் பிரேக்கராகத் தெரியும். கேஸ் ரேஞ்ச் என்றால் பிளக்கைப் பிடுங்கினால் போதும். ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். மின்சாரம் வந்ததும் கொக்கி எங்கே இருக்கிறது என்று பல போர்டுகள் சரிபார்க்கும், மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் கதவை உள்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். கைப்பிடியை வெளியே இழுத்தால் கொக்கி இன்னும் இறுகத்தான் செய்யும்.

அதற்கும் மசியவில்லை என்றால், ஓவனுக்குள் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், மறுபடி செல்ஃப் கிளீன் தொடங்கி ஒரு நிமிடத்தில் கேன்சல் செய்து பார்க்கலாம். பாதியில் நின்ற கணக்கைப் போர்டு முதலிலிருந்து போட இது வழி செய்யும். சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை ஸ்க்ரூடிரைவர் தேவைப்படவில்லை. இனிமேல் தேவைப்படும். வாடகை வீடென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்காரருக்கோ அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸுக்கோ சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம். சொந்த வீடு, கை கொஞ்சம் பழகியவர் என்றால் தொடரலாம். பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும், ரேஞ்சை முன்னால் இழுக்கும்போது கேஸ் குழாய் மடங்கக்கூடாது, வேலை முடிந்து தள்ளும்போது பின்னங்கால், ரேஞ்ச் முன்னால் கவிழாமல் பிடித்து வைக்கும் கவிழ்தடுப்புக் கொக்கியில் மறுபடி மாட்டியிருக்க வேண்டும்.

மின்தடையை அளக்கும் கருவியான மல்டிமீட்டரை வைத்து முதலில் சென்சாரை அளந்து பாருங்கள். பின்பக்க இணைப்பைக் கழற்றி, அதன் இரண்டு முனையிலும் வைத்தால் தாளில் சொன்ன ஓம் வர வேண்டும். 1,090 வர வேண்டிய இடத்தில் 2,000 வந்தால் திருடன் அகப்பட்டான். சென்சார் விலை குறைந்தது, பொதுவாக உள்ளே இரண்டு திருகாணிதான், கீழே சொல்லும் முறையில் கதவைத் திறந்த பிறகு மாற்றலாம். அது சரியாக இருந்தால் மைக்ரோஸ்விட்சின் கம்பிகளைக் கழற்றிவிட்டு அழுத்தி, மீட்டர் ‘பீப்’ சத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். கொக்கி, மோட்டார், கேம், ஸ்விட்ச் நான்கும் பெரும்பாலும் ஒரே தொகுப்பாகத்தான் விற்கப்படுகின்றன. அதனால் இவற்றில் எது போனாலும் ‘பூட்டை மாற்று’ என்ற யோசனை சரியாக அமைந்துவிடும். எல்லாம் சரி, கம்பிகளும் சரி என்றால் மிஞ்சுவது போர்டு. அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பழைய ஓவனுக்கு அது தேவையா என்று யோசியுங்கள்.

ஹேங்கர் விஷயம்? கையால் தள்ளும் நெம்புகோல் வைத்த பழைய ஓவன்களில் பலிக்கலாம். மோட்டார் பூட்டில் அதே வேலையைச் செய்தால் கொக்கி வளையும், கேம் உடையும், கண்ணாடி ஓரம் கீறினால் கதவே நொறுங்கும் ஆபத்தும் உண்டு. அதைவிட, மின்சாரத்தை அணைத்து மேல்மூடியையோ பின்தகட்டையோ கழற்றி, மோட்டார் கொக்கியைத் தள்ளும் கம்பியைக் கையால் நகர்த்துவது நல்லது. பிளம்பருக்கே கைநடுங்கும் இடுக்காக இருந்தால் விட்டுவிடுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

## பட்டனை அழுத்துவதற்கு முன்

பாத்திரங்களை வெளியே எடுத்தாச்சா என்று பாருங்கள். கதவு பூட்டிக்கொண்டால் நாலைந்து மணி நேரத்துக்குத் தோசைக்கல் கைக்கு வராது. அது நான்ஸ்டிக் தவாவாக இருந்தால் பூச்சு சிதைந்து நச்சுப்புகை கிளம்பும். கிளியோ லவ் பேர்ட்ஸோ வளர்ப்பவர்கள் அவற்றை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். கம்பித் தட்டுகளையும் எடுத்துவிடுங்கள், அவை பளபளப்பு போய் வழவழவென்று நகராமல் ஆகிவிடும். தேங்கிக் கிடக்கும் எண்ணெயை முதலில் துடைத்தால் புகை குறையும். கதவைச் சுற்றியுள்ள நெசவுப் பட்டையை மட்டும் தேய்க்க வேண்டாம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய நாளோ, வீட்டைக் காலி செய்து சாவி கொடுக்கும் நாளுக்கு முந்தைய இரவோ செல்ஃப் கிளீன் போடாதீர்கள். விருந்து முடிந்த வாரம் போடுங்கள். கதவு முரண்டு பிடித்தாலும் சென்சார் தபாலில் வந்து சேரும்வரை மேலே உள்ள நாலு அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம்.